உடம்படுமெய்

தார்த்து நகரில் மார்ச் மாதம், இரவு ஒன்றே கால்.
ஜன்னலுக்கு வெளியே ஆறு இன்னும் இறுகித்தான் கிடக்கிறது.
ரேலிகா ஸ்பேஸ் பாரைத் தட்டுகிறாள்.
கணினிக்குள் பதினாறு வயலின்கள்
ஒரே ஆளாக எழுந்து
ஒரே ஆளாக உட்காருகின்றன.

ஃபா. லா. ஸோல்.
தபாலாபீஸில் முத்திரை குத்துகிற சத்தம்.
மேலே அவள் போட்ட வளைகோடு
யாரும் பிடிக்காத குடையாய்ச் சும்மா நிற்கிறது.

படத்தில் இரண்டு நிமிடம் நாற்பது நொடி:
கடல் உறைந்து பாதையான இடத்தில்
தீவுக்குப் போகிறது ஒரு மஞ்சள் தபால் வேன்.
சீட் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும், நிற்கக் கூடாது,
முன்னே போகும் வண்டிக்கும் தனக்கும்
இருநூற்றைம்பது மீட்டர்.
இயக்குநர் யூலோ கேட்டது ஒன்றுதான்:
"இசை எங்கேயும் காலைத் தூக்கி வைக்கக் கூடாது."

நம் இலக்கணக்காரனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்:
நிலைமொழி நிற்கிறது, வருமொழி வருகிறது,
நடுவே ஒரு யகரமோ வகரமோ உடம்படாமல்
உயிரும் உயிரும் சேராது.
தோன்றும், திரியும், கெடும்.
அவளுக்கு அதெல்லாம் தெரியாது.
தெரிந்தது டிக் கணக்கு.

முதல் சுரத்தின் வாலை முப்பது டிக் நீட்டினாள்,
அடுத்ததன் தலைமேல் ஏறும்படி.
ஒட்டியது. ஆனால் பிந்தியது.
சாம்பிளுக்குள் யாரோ ஒருத்தி
எப்போதோ, எந்த ஊர் ஸ்டுடியோவிலோ
ஃபாவிலிருந்து லாவுக்கு விரலை நகர்த்திய கால் நொடி
ஒவ்வொரு முறையும் முழுசாக நடந்தாக வேண்டும்.
ஆகவே எல்லாச் சுரத்தையும்
வரவேண்டிய நேரத்துக்கு முன்னால் தள்ளினாள்.
மெல்லத் தொட்டால் இழுவை, ஓங்கித் தொட்டால் தாவல்;
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், நாற்பத்தொன்று, அறுபத்து மூன்று.
ஒலி நேரானது.
தாளோ, குடித்தவன் கட்டிய வேலி.

மனிதருக்கு ஒரு கோப்பு, இயந்திரத்துக்கு ஒரு கோப்பு.
வியோலாக்காரர் தாவெத்துக்கு அவள் அனுப்பியது
இயந்திரத்துடையது.

பகலில் பால் பண்ணையில் குளிர்பெட்டிகளைப் பழுது பார்ப்பவர்;
பட்ஜெட்டில் அடங்கிய ஒரே மனிதர்.
வியாழன் மாலை வந்தார், ஷூவைக் கழற்றினார்,
தாளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
எழுதியபடியே வாசித்தார்:
அறுபத்து நாலில் ஒரு பங்கு மௌனம்,
முந்திக்கொண்டு தாவும் நுனி,
முடிச்சுமேல் முடிச்சு.
ஓர் ஆடு மாடிப்படி இறங்குவது போலிருந்தது.
மூன்றாம் கட்டத்திலேயே ரேலிகா முகத்தை மூடிக்கொண்டாள்.
அவர் விடவில்லை,
கடைசிப் படி வரை இறக்கினார் ஆட்டை.

பிறகு பென்சில் கேட்டார்.
நாலு கட்டத்துக்கு மேலே ஒரே வளைவு.
வாசித்தார்.
மூன்றரையில் வில் தீர்ந்தது. திருப்பினார்.
அங்கே ஒரு தையல்,
சட்டையைப் புரட்டிப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி.
"இன்னொரு தரம் எடுக்கலாமா?"
"எடுக்கலாம். வில்லு அதே நீளம்தான்."

மறுபடி இரவு. மூன்று மணி.
தையலை அழிக்கக் கை போனது, நின்றது.
பதினாறு வயலின்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள்.
அத்தனைக்கும் வில் திருப்பம் வைத்தாள்,
அவர் திருப்பிய இடத்தில் அல்ல:
ஒன்றுக்கு இரண்டாம் கட்டம், ஒன்றுக்கு நாலின் ஓரம்,
ஏழாவது வயலினுக்கு ஒரு மூச்சு தள்ளி,
பதினொன்றுக்கு எங்கே வைத்தாள் என்று அவளுக்கே மறந்தது.

படத்தை ஓட விட்டாள்.
மஞ்சள் வேன். பின்னால் வெகு தூரத்தில் ஒரு ட்ராக்டர்.
அதற்கும் பின்னால் ஒரு புள்ளி.
இருநூற்றைம்பது. இருநூற்றைம்பது.
அடியில் கருநீலமாய்த் தண்ணீர்.

ஹெட்போனைக் கழற்றினாள்.
சமையலறையில் ஃப்ரிட்ஜ்
ஒரே ஸோலைப் பிடித்துக்கொண்டிருந்தது.
காத்திருந்து பார்த்தாள்.
மூன்று பதினேழுக்கு அதுவும் நின்று,
ஒரு தரம் இருமிவிட்டு,
தொடர்ந்தது.